காதுக்கு மட்டும்

2025 ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து மழை. கடைக்குள் ஈரச் செருப்பு வாசனை. சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்குப் பத்திரம் பதிய வந்தவர்கள், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள், சும்மா மழைக்கு ஒதுங்கினவர்கள் எல்லாரும் எங்கள் கடைக்குள்தான். நான் வழக்கம்போல ஜெராக்ஸ் மெஷினுக்குப் பின்னால். எனக்குப் பிடித்த இடம் அது. அங்கே நின்றால் கை மட்டும்தான் வெளியே தெரியும், முகம் தெரியாது.

இப்போது வருகிற கூட்டமெல்லாம் அலர்ட்டுக்குத்தான். நமக்குத் தெரியாமல் நம் சைட்டை, அதாவது வீட்டுமனையை, வேறு யாராவது தன் பேருக்குப் பதிய வந்தால் நம் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். அதற்கு நம் பெயர், போன் நம்பர், லேஅவுட், சைட் நம்பர் எல்லாம் கொடுத்து முன்னாலேயே பதிந்து வைக்க வேண்டும். பேப்பரில் ஏதோ மோசடிச் செய்தி வந்ததிலிருந்து மைசூரில் பாதிப் பேருக்குத் தூக்கம் இல்லை.

பதிந்து கொடுப்பது சுலோசனா அக்கா. கடை அவருடையது. பதிந்து முடித்ததும் திரையில் இருப்பதை முதலிலிருந்து கடைசி வரை படித்துக் காட்டுவார். அக்காவின் சத்தம் சாதாரணச் சத்தம் இல்லை. எதிர்ச்சாரி இளநீர்க்காரர் அங்கிருந்தே, "சுலோசனம்மா, கடைசி ரெண்டு நம்பர் மறுபடி சொல்லு, நடுவுல பஸ் போயிடுச்சு" என்பார். அக்கா கோபப்பட மாட்டார். அவருடைய அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாரோ நீட்டிய காகிதத்தில் கைநாட்டு வைத்து வீட்டின் பின்கட்டே போய்விட்டதாம். "என் கடையில யாரும் காதால கேட்காம விரல் வைக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்பார்.

சாயங்காலம் அம்மா கேட்டாள், இன்றைக்காவது யாரிடமாவது பேசினாயா என்று. பேசினேன் என்றேன். யாரிடம்? மெஷினிடம். பேப்பர் மாட்டிக்கொண்டது, கெஞ்சி எடுத்தேன்.

ஜூன் 11, புதன்

இன்று சிரித்துச் சிரித்து வயிற்றுவலி. எழுதி வைக்க வேண்டும்.

அக்கா சாமராஜநகரில் வளர்ந்தவர். அந்தப் பக்கத்துக் கன்னடத்தில் 'ஹ' வாயில் வராது. 'சொல்லு' என்பதற்கு ஹேளு என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'ஏளு' என்பார். ஏளு என்றால் ஏழு. ஏளு என்றால் எழுந்திரு. நான் கடைக்கு வந்த புதிதில் அக்கா யாரையாவது பார்த்து "ஏளு" என்றால் நான் ஓர் ஏழைத் தட்டிவிடுவேன். ஊரில் இருக்கிற எல்லாருடைய நம்பரிலும் ஏழு இருக்கிறதே என்று ஆச்சரியப்பட்டது நான்தான்.

இன்று மாதம்மா என்று ஒருவர் வந்தார். காலேஜ் பெண்கள் தங்குகிற பி.ஜி. ஒன்றில் சமையல். கை முழுக்க மஞ்சள் கறை. கணவர் லிங்கப்பன் இறந்து வருடமாகிறது. நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு சின்ன சைட், இவர் பெயரில். "அது ஒண்ணுதான் நான் சமைச்ச சோறு எல்லாம் சேர்ந்து ஆனது" என்றார். அந்தச் சைட்டுக்கு அலர்ட் பதிய வந்திருக்கிறார்.

அக்கா எல்லாம் படித்தார். "லிங்கப்பன் பொஞ்சாதி மாதம்மா. சைட் நம்பர் அதினாக்கு. ஏளு." பதினான்கு, சரியா சொல்லு என்று அர்த்தம். மாதம்மா எழுந்து நின்றார். எதற்கு எழுந்தாய் என்று அக்கா கேட்க, நீதானே எழுந்திரு என்றாய் என்று அவர் சொல்ல, பக்கத்தில் இருந்த ஒரு தாத்தாவும் தன்னைத்தான் சொன்னார்கள் என்று எழுந்து நிற்க, பெஞ்சே குலுங்கியது. பெஞ்சில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் காளிதாஸ் அண்ணன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அவர் இடம் வாங்கி விற்கும் புரோக்கர். எல்லாருக்கும் டீ வாங்கித் தருவார். "இந்தக் கடைக்கு டிக்கெட் போடணும்" என்றார். என் பக்கம் திரும்பி, "மெஷினுக்குப் பின்னாடி ஒரு சிரிப்பு கேக்குதே, ஆள் இருக்கா அங்க?" என்றார். நான் குனிந்து பேப்பர் கட்டைப் பிரித்தேன்.

ஜூன் 12, வியாழன்

ஏளு. ஏளு. ஏளு. சோறு வடிக்கும்போது நினைத்துச் சிரித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்து கத்தினார். இங்கே அலர்ட் பதிந்த மறுநாளிலிருந்து அவருக்குப் போன் மேல் போனாம். சைட்டை விற்கிறீர்களா, மகன் வெளிநாட்டில்தானே, உங்களுக்கு எதற்கு இரண்டு சைட் என்று. பேர் சொல்லி, லேஅவுட் சொல்லிக் கேட்கிறார்களாம். "திருடன் வராம இருக்கப் பூட்டு வாங்க வந்தேன், பூட்டுக் கடையிலேயே சாவி போயிடுச்சு" என்றார்.

அக்காவுக்கு முகம் செத்துவிட்டது. கம்ப்யூட்டர் பையனை வரவழைத்தார். பாஸ்வேர்டு மாற்றினார்கள். யாரும் உள்ளே நுழைந்த மாதிரி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான். அக்கா அதற்கும் மேல் போய், எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோர்த்து மானிட்டரில் தொங்கவிட்டார். திரையின் ஒரு மூலை தெரியவில்லை. பதிகிறவர்களின் சைட் நம்பரும் பின்கோடும் அங்கேதான் வரும். மிளகாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்துப் படிக்கிறார்.

ஜூன் 23, திங்கள்

இன்றைக்கு நடந்தது நிறைய. வரிசையாக எழுதுகிறேன்.

மத்தியானம் மாதம்மா வந்தார். அழுத முகம். மஞ்சப்பைக்குள் பத்திரம். காலையில் அவருக்கு ஒரு போன் வந்ததாம். அலர்ட் ஆபீசிலிருந்து பேசுகிறோம், லிங்கப்பன் மனைவி மாதம்மாதானே, உங்கள் சைட்டை வேறு ஒருவர் பதிய வந்துவிட்டார், ஒரிஜினல் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மூன்று மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஓட்டலுக்கு வாருங்கள், எங்கள் ஆள் வாங்கிக்கொண்டு போய்க் காட்டித் தடுத்துவிடுவார் என்று. கொடுப்பதற்கு முன்னால் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறார். வந்ததும் அக்காவிடம் சண்டை. "நீ என் நம்பரைத் தப்பாப் போட்டிருக்கே. சைட் நம்பர் நூத்து நாப்பத்தேழுன்னு அவன் சொல்றான். அதனாலதான் இந்த வினை எல்லாம்."

அக்கா மிளகாயைத் தூக்கிப் பார்த்தார். பதினான்கு என்றுதான் இருந்தது. என் கையில் இருந்த பத்திரத்திலும் பதினான்கு. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. தப்பு தன் பேரில் விழுந்துவிடும் என்ற பயம் வேறு. பெஞ்சிலிருந்து காளிதாஸ் அண்ணன் ரொம்பத் தன்மையாகச் சொன்னார், ஆபீசில் எழுத்துப் பிழை வருவது சகஜம், அதற்காகத்தான் பத்திரத்தோடு கூப்பிடுகிறார்கள், போய்க் காட்டினால் சரியாகிவிடும், நேரம் ஆகிறது பாருங்கள் என்று. அக்காவும், சரி, போய்ட்டு வா, என்றார்.

எனக்கு உள்ளே ஏதோ இடித்தது. நூற்று நாற்பத்தேழு. பதினாலு, ஏழு. ஒன்று, நாலு, ஏழு.

அந்த ஏழு எந்தக் காகிதத்தில் இருக்கிறது? பத்திரத்தில் இல்லை. கம்ப்யூட்டரில் இல்லை. அக்காவின் வாயில் மட்டும்தான் இருந்தது. அதினாக்கு, ஏளு.

யாரும் எதற்குள்ளும் நுழையவில்லை. இங்கே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். கேட்டவருக்கு நானும் வந்த புதிதில் செய்த அதே தப்பு.

இதைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பெஞ்சு நிறைய ஆட்கள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வகுப்பில் எழுந்து நின்ற மாதிரியே இருந்தது. ஏழாவது வரை கொளத்தூரில் சித்தி வீட்டில் இருந்து தமிழில் படித்துவிட்டு இங்கே கன்னடப் பள்ளிக்கு வந்தவள் நான். டீச்சர் எழுந்து படி என்றால் எழுந்திருப்பேன். படிப்பு வராது, வகுப்பு சிரிக்கும். ஒன்பதாவதோடு போதும் என்று நின்றவள். மாதம்மா பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்குகிறார். நான் என்ன செய்கிறேன்? நின்றுகொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் கடை போன் கண்ணில் பட்டது. மாதம்மாவின் நம்பர் திரையில் இருந்தது. போனை எடுத்துக்கொண்டு பேப்பர் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத்தினேன். போனில் எனக்குப் பேச வரும். யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் இல்லையா.

அவர் எடுத்தார். நான் ஒரே மூச்சில் சொன்னேன். "மாதம்மா, பத்திரத்தைக் கொடுக்காதீங்க. கூப்பிட்டது ஆபீஸ் இல்ல. நூத்து நாப்பத்தேழுன்னு எந்தக் காகிதத்திலயும் இல்ல. அக்கா 'ஏளு'ன்னு சொன்னாங்களே, அதை ஏழுன்னு கேட்டிருக்காங்க. அன்னைக்கு இந்தக் கடையில உட்கார்ந்திருந்தவங்களுக்கு மட்டும்தான் அந்த ஏழு தெரியும்."

என் குரல் கடை முழுக்கக் கேட்டது.

மாதம்மா ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவர் எப்போதும் போனைத் தாம்பாளம் மாதிரி முன்னால் ஏந்திக்கொண்டுதான் பேசுவாராம். மெஷினுக்குப் பின்னாலிருந்தும் நான், படிக்கட்டிலிருந்தும் நான். ஒரு வார்த்தை விடாமல் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. "யாரு பேசறது?" என்று மாதம்மா போனைப் பார்த்துக் கேட்டார். நான் பேப்பர் கட்டுக்குப் பின்னால் இன்னும் குனிந்துகொண்டேன்.

காளிதாஸ் அண்ணன்தான் முதலில் சிரித்தார். "ஓ, ஆளுக்கு வாய் இருக்கு" என்றார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு, ஒரு பார்ட்டி காத்திருக்கிறது என்று கிளம்பினார். டீ பாதி அப்படியே இருந்தது.

அவர்தானா? பெஞ்சில் அன்றைக்கு எத்தனையோ பேர். தெரியாமல் எழுதக் கூடாது. அந்தப் பாதி டீயை மட்டும் எழுதிவைக்கிறேன்.

மூன்று மணிக்கு மாதம்மாவின் போன் அடித்தது. அதே நம்பர். அக்கா பிடுங்கி, எந்தச் சைட் என்று சாந்தமாகக் கேட்டார். நூத்து நாப்பத்தேழு என்று அவன் சொன்னான். அதற்குப் பிறகு அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. இளநீர்க்காரர் ரோட்டைத் தாண்டி ஓடி வந்துவிட்டார். பிறகு மூவரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்த நம்பரைக் கொடுத்து எழுதிவைத்துவிட்டு வந்தார்கள். நான் கடையைப் பார்த்துக்கொண்டேன். மாதம்மா திரும்பி வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இன்னும் மஞ்சள் வாசனை போகவில்லை. கழுவவும் இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

அக்கா இன்றைக்கு யாருக்கும் எதையும் படிக்கவில்லை.

எலுமிச்சையையும் மிளகாயையும் கழற்றிக் குப்பையில் போட்டார். "கம்ப்யூட்டருக்குக் கட்டினேன். என் வாய்க்கில்ல கட்டியிருக்கணும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் சத்தமாகப் படித்தது நேர்மை என்று நினைத்திருந்தேன் என்றார். நேர்மைதான் அக்கா என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

வாத்தியாருக்கு அவரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார். சத்தமில்லாத கடை என்னவோ போல் இருக்கிறது. இளநீர்க்காரர் வந்து, உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஜூன் 26, வியாழன்

ஒரு வழி கிடைத்தது. நான்தான் கண்டுபிடித்தேன். என் கையெழுத்தே இன்று குதிக்கிறது.

நஞ்சன்கூட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். அக்கா பதிந்து முடித்து, பேசாமல் விரல் வைக்கிற மெஷினை நகர்த்தினார். அவர் கையை இழுத்துக்கொண்டார். என்ன எழுதினாய் என்று எனக்குத் தெரிய வேண்டாமா, படி என்றார். படித்தால் எல்லாருக்கும் கேட்குமே என்று அக்கா சொன்னார். கேட்டால் கேட்கட்டும், எனக்குக் கேட்காமல் விரல் வைக்க மாட்டேன் என்று அவர் நின்றார். இரண்டு பேர் சொல்வதும் சரிதானே. அக்கா அவர் காதுப் பக்கம் குனிந்து ரகசியமாகப் படித்துப் பார்த்தார். அக்காவின் ரகசியம் பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

நான் போனை எடுத்தேன். பெரியவர் கொடுத்த நம்பருக்கு அடித்தேன். அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தார். மெஷினுக்குப் பின்னாலிருந்து மெதுவாக, மாதம்மா விஷயத்தில் பட்டுக்கொண்டதால் முதலில், "ஸ்பீக்கர் வேண்டாம், காதுல வைங்க" என்றேன். பிறகு திரையில் இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். சரி, சரி, சரி என்று தலையாட்டினார். ஓர் இடத்தில், "இல்ல கூசே, அது என் அப்பா பேர் இல்ல, மாமனார் பேர்" என்றார். கூசு என்றால் குழந்தை. திருத்தினோம். விரல் வைத்தார்.

அக்கா என்னைப் பார்த்த பார்வை. "படிக்கறதும் ஆயித்து, நம்பர் சரியான்னு பாக்கறதும் ஆயித்து. போன் எவன்கிட்ட இருக்குன்னு மணியே சொல்லிடுது, அல்லவா?" என்றார். பெரியவர் போகும்போது, "கோயில்ல நாங்க நந்தி காதுல சொல்லுவோம். இங்க நந்தி நம்ம காதுல சொல்லுது" என்றார்.

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் என் பெயர் நந்தி.

ஜூன் 28, சனி

நந்தி இன்று மதியம் வரை பேசியது. தொண்டை கட்டி, அக்கா மிளகுப் பால் வாங்கிக் கொடுத்தார். எனக்குத் தொண்டை கட்டுவது இதுதான் முதல் தடவை. பேசிக் கட்டியது, அதாவது.

ஜூலை 3, வியாழன்

பக்கத்துக் கடையில் மத்தூர் வடை வாங்கினேன். பிரித்தால் எண்ணெய்க்குள் ஓர் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதார் ஜெராக்ஸ். எங்கள் மெஷினில் எடுத்துக் கறுப்பாக விழுந்ததால் ஒதுக்கிய காப்பி. பெயர், தெரு, எல்லாம் தெரிகிறது. வீணான காப்பிகளை அக்கா மாதா மாதம் வடைக்கடைக்கு எடைக்குப் போடுகிறார்.

வடையைத் தின்றுவிட்டுத்தான் சொன்னேன். சூடு ஆறிவிடும்.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். நேராக வடைக்கடைக்குப் போய் மிச்சமிருந்த கட்டைத் திரும்பக் கேட்டார். அவர்கள், வடையை எதில் சுருட்டுவது என்று சண்டை. கடைசியில் அக்கா பழைய பேப்பர் வாங்கிக் கொடுத்துவிட்டு எங்கள் கட்டை மீட்டுக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கிழித்தோம். கிழிக்கக் கிழிக்க அக்கா ஒரு முகத்தைக் காட்டி, "இவ மூக்கைப் பாரு" என்று ஆரம்பித்தார். பிறகு தானே வாயைப் பொத்திக்கொண்டார்.

வாட்ஸப்பில் ஜெராக்ஸுக்கு அனுப்புகிறவர்களின் படங்களையும் இனிமேல் அவர்கள் எதிரிலேயே அழித்துவிடுவது என்று முடிவு. இன்று ஒருவர் தன் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து அனுப்பியிருந்தார். அதை மட்டும் அழிக்க வேண்டாம், கல்யாணத்துக்கு வாருங்கள் என்றார்.

ஜூலை 10, வியாழன்

ஒரு பெண் தன் புருஷனின் அண்ணனோடு வந்தார். அந்த அண்ணன்தான் எல்லாம் சொன்னார். நம்பரும் அவரே சொன்னார். நான் அடித்தேன். அண்ணனுடைய பையில் மணி அடித்தது. கடையே திரும்பிப் பார்த்தது. நான் பேசாமல் காத்திருந்தேன். அந்தப் பெண் மெதுவாகத் தன் போனை எடுத்து மேசைமேல் வைத்து, "இந்த நம்பர் போடுங்க" என்றார். அண்ணன், ரெண்டும் ஒண்ணுதானே, என்றார். அக்கா எங்கோ பார்த்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுன்னா எது போட்டா என்ன?" என்றார்.

அந்தப் பெண் காதில் போனை வைத்துக் கேட்டபோது அழவில்லை, சிரித்தார். எனக்கு மெஷினுக்குப் பின்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, முகம் தெரியும்படி நின்று, படித்தேன். என்ன ஆகிவிட்டது? ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 14, திங்கள்

அப்பா கடைக்கு வந்துவிட்டார்.

சென்ட்ரிங் வேலையிலிருந்து நேராக. முடியெல்லாம் சிமென்ட். ரீசார்ஜ் பண்ண வந்தேன் என்றார். அப்பாவின் போனில் ரீசார்ஜ் முடிய இன்னும் நாள் இருக்கிறது, எனக்குத் தெரியும். நான் பேசுகிறேன் என்று அம்மா சொன்னதை நம்பாமல் பார்க்க வந்திருக்கிறார். ஒரு ஓரமாக நின்று நான் யாருக்கோ படித்துக்காட்டுவதைப் பார்த்தார். பிறகு அக்காவிடம், "ஏனுங், அது என்ற புள்ளைங்களா?" என்று கேட்டார். "உங்க புள்ளைதான் சித்தையண்ணா. ஆனா என்ன பேசறான்னு எனக்கே கேக்காது. அதான் இங்க அவளுக்கு வேலை" என்றார் அக்கா.

அப்பா போகவில்லை. பிறகு, "எனக்கும் ஒருக்கா போன் போடு சாமி" என்றார். அலர்ட் பதிய நமக்குச் சைட் இல்லையேப்பா என்றேன். "சும்மாத்தான் போடேன்."

அடித்தேன். எதிரிலேயே நின்றுகொண்டு எடுத்தார், காதில் வைத்தார். என்ன படிப்பது? "பெயர் சித்தையன். ஊர் கோபிநத்தம். இருப்பது மைசூர். சைட் இல்லை. மகள் ஒன்று" என்றேன். சரியா சொல்லுங்கள் என்றேன்.

"செரி" என்றார். இன்னொரு தடவை, "செரி. எல்லாஞ் செரியா இருக்குது" என்றார்.

ரீசார்ஜ் பண்ணாமலே போய்விட்டார்.

ஜூலை 19, சனி

அக்கா பெஞ்சைத் தூக்கி வெளியே வாசல் மரத்தடியில் போட்டுவிட்டார். உள்ளே பதிகிறவர் ஒருவர் மட்டும். மற்றவர்கள் வெளியே. வெளியே உட்கார்ந்தால் உள்ளே பேசுவது பஸ் சத்தத்தில் கேட்காது.

காளிதாஸ் அண்ணன் இன்று வந்தார். வெளியே உட்கார்ந்தார். அக்கா டீ சொல்லி அனுப்பினார், இந்தத் தடவை அக்கா கணக்கில். அவர் கொஞ்ச நேரம் காதை இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு இளநீர்க்காரரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுக் கிளம்பினார். இந்த முறை டீயை முழுக்கக் குடித்திருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நம்பர் அணைந்தே கிடக்கிறதாம்.

ஜூலை 25, வெள்ளி

வாத்தியார் திரும்ப வந்தார். இந்தத் தடவை தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு. கத்தவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

நல்ல வெயில். காலையில் மாதம்மா தன் மகள் வினிதாவோடு வந்தார். இரண்டு பேரும் புதுப் புடவை. மாதம்மாவின் மஞ்சப்பையில் பத்திரம் இருந்தது, ஆனால் ஜெராக்ஸ் எதுவும் கேட்கவில்லை. எதிரே ஆபீசுக்குள் போகிறோம் என்று மட்டும் சொன்னார். அக்கா, எதற்கு, என்ன பதியப் போறே என்று வாய் வரை வந்ததை விழுங்கியது எனக்குத் தெரிந்தது. விக்கலே வந்துவிட்டது அவருக்கு.

மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மாதம்மா ஒரு பொட்டலம் நீட்டினார். கொப்பரை மிட்டாய், இன்னும் சூடாக இருந்தது. நாங்கள் வாயில் போட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் போனில் டிங் என்று ஒரு மெசேஜ் வந்தது. எடுத்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டி உதட்டை அசைத்துத் தானே படித்தார். முகம் முழுக்க மலர்ந்துவிட்டது.

அக்காவால் தாங்க முடியவில்லை. "என்ன வந்திருக்கு? அலர்ட்டா? எங்க, காட்டு."

மாதம்மா புடவைத் தலைப்பால் போனை மூடிக்கொண்டார். கோபமில்லை. குழந்தை மிட்டாயை மறைத்துக்கொள்கிற மாதிரி. "அது எனக்கு வந்தது" என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். இளநீர்க்காரர் என்ன என்ன என்று அங்கிருந்தே கேட்டார். யாரும் அவருக்குச் சொல்லவில்லை, எங்களுக்கே தெரியாதே. வினிதா மட்டும் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகும் நெடுநேரம் வாயில் தேங்காயும் வெல்லமும் இருந்தது. எதற்கான மிட்டாய்? மகள் பேருக்கு எழுதினாரா, வீடு கட்டக் கடன் வாங்கினாரா, வேறு ஏதாவதா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. ரொம்ப நன்றாக இருந்தது.